ஆபீஸைப் பார்க்காமலே வேலையில் சேருகிறவர்களுக்கு

கொரோனா ஊரடங்கு இன்னும் முழுசாக விலகாத இந்த 2021 ஜூலையில் ஐடி வேலையில் சேரும் பிள்ளைகள் பலர், சென்னையில் ஐடி கம்பெனிகள் இருக்கும் சோழிங்கநல்லூரையோ சிறுசேரியையோ இப்போதைக்குக் கண்ணால் பார்க்கப் போவதில்லை. ஆபர் லெட்டர் மெயிலில் வரும், லேப்டாப் கூரியரில் வரும், மேனேஜர் திரையில் வருவார். கல்லூரியின் கடைசி ஒன்றரை வருடத்தைச் செல்போனில் படித்து முடித்துவிட்டு, அதே வீட்டில் அதே மூலையில் உட்கார்ந்து வேலைக்கும் போகிற செட் இது. தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊரிலிருந்து போன வருடம் மார்ச்சில் தொடங்கி இன்றுவரை வேலை பார்க்கிறவன் நான். சென்னையில் இருக்கும் எச்.ஆர் சொல்லித்தராத விஷயங்களை மட்டும் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஜூலை 5 முதல் எல்லா மாவட்டத்திலும் பஸ் ஓடுகிறதே, இனி எதற்கு இதெல்லாம் என்று கேட்கலாம். போன வருடமும் ஊரடங்கை இப்படித்தான் ஒவ்வொன்றாகத் தளர்த்தினார்கள். இந்த மே 10-ஆம் தேதி திரும்ப மூடினார்கள். மே 24-இலிருந்து காய்கறிகூட வண்டியில் தெருவுக்கு வந்தால்தான் உண்டு என்றானது. பஸ் ஓடுவதை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள்.

லேப்டாப் வருவதற்கு முன்

முதலில் பெயரைப் பாருங்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக. நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்தக் கதைதான். பி.எஃப் கணக்கு தொடங்கும்போது இது இடிக்கும். சேர்ந்த பிறகு வேலைநாளில் இ-சேவை மையத்து வரிசையில் நிற்பதைவிட, இப்போதே ஆதாரையும் பான் கார்டையும் ஒரே மாதிரி ஆக்கிக்கொள்வது நல்லது. பேங்க் பாஸ்புக்கையும் அப்படியே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது முகவரி. எங்கள் பக்கம் பல கூரியர்கள் ஊருக்குள் வருவதில்லை. 'டவுனுக்கு வந்து வாங்கிக்கோங்க' என்று போன்தான் வரும். அந்தப் போனை எடுக்க முடியாவிட்டால் பார்சல் சென்னைக்கே திரும்பிப் போய்விடும். அதனால் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்கும் நம்பரைக் கொடுங்கள், கூடவே அப்பா நம்பரையும் சேர்த்துவிடுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது யாரையாவது போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். லேப்டாப்பின் அடியில் இருக்கும் சீரியல் நம்பரையும் மெயிலில் வந்த நம்பரையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். அட்டைப்பெட்டியும் தெர்மாகோலும் பழைய பேப்பர்காரரிடம் போகாமல் பரணில் ஏறட்டும். வேலையை விடும் நாளில் இதே பெட்டியில் வைத்துத்தான் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

லேப்டாப் வந்த செய்தி தெருவுக்குத் தெரிந்துவிடும். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க, கல்யாண ஆல்பத்தை பென் டிரைவிலிருந்து போனுக்கு ஏற்ற என்று ஆட்கள் வருவார்கள். இதில் தாட்சண்யமே கூடாது. 'இது கம்பெனிக்காரன் பொருள், பென் டிரைவ் செருகினா அங்க அலாரம் அடிச்சிரும்' என்று சொல்லுங்கள். அலாரம் அடிக்காவிட்டாலும், பல கம்பெனிகளில் யூஎஸ்பி செருகியது பதிவாகத்தான் செய்யும்.

நெட்

மொபைல் டேட்டாவை வைத்து ஓட்டிவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு மணி நேரம் வீடியோ கால் பேசினால் ஒரு ஜிபியைத் தொட்டுவிடும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பிளான் என்றால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தீர்ந்துபோகும். தவிர, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆன்லைன் வகுப்பு தொடங்கும் காலை நேரத்தில் டவர் திணறும். அதனால் வயர் வழியாக வரும் இணைப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். மொபைல் டேட்டா அவசரத்துக்கு மட்டும்.

சின்ன ஊர்களில் வயர் இணைப்பு என்றால் பெரும்பாலும் கேபிள் டிவிக்காரர்தான். பிஎஸ்என்எல் பைபரைக்கூடப் பல இடங்களில் அவர்தான் இழுத்துத் தருகிறார். அவரிடம் 'எத்தனை எம்பிபிஎஸ்?' என்று வேகத்தை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். கேட்கவேண்டிய கேள்வி வேறு: பைபர் வயரே வீட்டுக்குள் வருகிறதா, இல்லை தெருமுனைப் பெட்டிவரை பைபர் வந்து அங்கிருந்து சாதா லேன் வயரா? லேன் வயர் என்றால் அந்தப் பெட்டிக்குள் நெட்டை வீடுவீடாகப் பிரித்துவிடும் சுவிட்சுக்குக் கரண்ட் வேண்டும். தெருவில் கரண்ட் போனால் உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் நெட் போய்விடும். பைபர் நேராக வீட்டுக்கு வந்தால் வழியில் கரண்ட் தேவையில்லை. அவருடைய கன்ட்ரோல் ரூமிலும் உங்கள் மோடத்திலும் கரண்ட் இருந்தால் போதும். மாதம் நூறு ரூபாய் அதிகமானாலும் பைபர் நேராக வரும் இணைப்பையே வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால், தெருமுனைப் பெட்டியில் பேட்டரி வைத்திருக்கிறாரா என்றாவது கேளுங்கள்.

வேகத்தைச் சோதிக்கும்போது டவுன்லோடைப் பார்த்து மயங்காதீர்கள். நீங்கள் பேசுவது எதிரே இருப்பவருக்குக் கேட்க அப்லோடு வேண்டும். இரண்டு எம்பிபிஎஸ் அப்லோடு விடாமல் கிடைத்தால் வீடியோ காலுக்குத் தாராளம். சாயந்திரம் ஏழு மணிக்கு, ஊரே சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்கும் நேரத்தில் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். மோடத்தில் இரண்டு வைஃபை பெயர் தெரிந்தால், சுவர் தாண்டி உட்காருகிறவர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸையும் அதே அறையில் இருப்பவர்கள் 5-ஐயும் பிடிக்கவும். முடிந்தால் வைஃபையே வேண்டாம், மோடத்திலிருந்து லேப்டாப்புக்கு ஒரு லேன் வயர் போட்டுவிடுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

எல்லாம் கைவிடும் நாளும் வரும். அன்றைக்காக வேறு கம்பெனி சிம் ஒன்று வீட்டில் இருக்கட்டும். வயர் இணைப்பு எந்தக் கம்பெனியோ, சிம் அந்தக் கம்பெனியாக இருக்கக்கூடாது. அந்த சிம்மின் சிக்னல் வீட்டில் எந்த ஜன்னலோரம், மாடிப்படியில் எத்தனையாவது படி என்று முன்கூட்டியே கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மீட்டிங் அழைப்பின் அடியில் போன் நம்பர் கொடுத்திருந்தால் அதையும் சேமித்து வைக்கவும். நெட்டே இல்லாமல் சாதாரணப் போனில் மீட்டிங்கில் சேர்ந்துகொள்ளலாம்.

கரண்ட்

மே, ஜூன், ஜூலையில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் காற்று எங்கள் ஊர் ஒயர்களைச் சும்மா விடாது. இந்த ஜூனில் மாநிலம் முழுக்கவே கரண்ட் போய்ப் போய் வந்தது. பராமரிப்பு நடக்காமல் மரக்கிளைகள் ஒயரை உரசுகின்றன, அணில் ஓடுகிறது என்று மின்துறை அமைச்சர் விளக்கம் சொல்ல, அணில் ஒரு வாரம் வாட்ஸ்அப்பில் ஓடியது. சிரித்து முடித்தாயிற்று என்றால் விஷயத்துக்கு வருவோம்.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையில் நிறுத்தினால் சாயந்திரம்தான் வரும். எந்தெந்த ஊரில் நிறுத்தம் என்பது முந்தின நாளே பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தில் வந்துவிடும். அதில் உங்கள் ஊர்ப் பெயரைத் தேடாதீர்கள், உங்கள் துணைமின் நிலையத்தின் பெயரைத் தேடுங்கள். எது உங்கள் துணைமின் நிலையம் என்று லைன்மேனைக் கேட்டால் சொல்வார். அவர் நம்பரும் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புகார் சொல்ல மின்வாரியம் ஜூன் 20-ஆம் தேதி தொடங்கிய மின்னகம் எண் 94987 94987 இருக்கிறது, இருபத்துநாலு மணி நேரமும் எடுக்கிறார்கள். ஆனால் 'இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்ணே?' என்ற கேள்விக்கு லைன்மேன் அண்ணனிடம்தான் பதில் இருக்கும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் எவ்வளவு தாங்கும்? 150 ஆம்பியர்-ஹவர், 12 வோல்ட் பேட்டரி என்றால் பெருக்கிப் பாருங்கள், 1800 வாட்-ஹவர். ஒரு மின்விசிறி 70 வாட், ஒரு எல்இடி விளக்கு 20, மோடம் 10, லேப்டாப் 60. ஆக 160 வாட். கணக்குப்படி பதினோரு மணி நேரம். இழப்பும் பேட்டரியின் வயதும் போக ஏழு மணி நேரம் எதிர்பார்க்கலாம். வீட்டில் எல்லா அறையிலும் விசிறி ஓடினால் இதில் பாதிகூட வராது. அதனால் பவர்கட் நாளில் எல்லோரும் ஒரே அறையில் உட்காருவது என்று வீட்டில் பேசி வையுங்கள்.

இன்வெர்ட்டர் வாங்கக் காசு இல்லையா? முதல் சம்பளம்வரை மோடத்துக்கு மட்டும் ஒரு குட்டி யூபிஎஸ் போதும், கைக்கு அடக்கமான சின்ன பேட்டரிப் பெட்டிதான். வாங்குமுன் மோடம் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட்தான், ஆம்பியர்தான் மாறும். மோடம் இதில் மூன்று நாலு மணி நேரம் ஓடும், புது லேப்டாப்பின் பேட்டரியும் அவ்வளவு நேரம் நிற்கும். ஒரு மத்தியானத்தைத் தள்ளிவிடலாம்.

கரண்ட் பில் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 2021 கட்டணத்தில் பில் 1130 ரூபாய். 510 ஓடினால் 1846. பத்து யூனிட்டுக்கு 716 ரூபாய் கூடுவது ஏனென்றால், 500-ஐத் தாண்டியதும் முந்தின யூனிட்டுகளுக்கும் சேர்த்து ரேட் ஏறிவிடும். ஒரு டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட் அளவுக்கு இழுக்கும். ஐம்பதாவது நாள் மீட்டரைப் போய்ப் பார்த்துவிட்டு மிச்சப் பத்து நாளுக்கு ஏசியை என்ன செய்வது என்று முடிவெடுங்கள். தாண்டும் என்றால், வித்தியாசத்தை நீங்கள் கட்டிவிடுங்கள். அப்பாவிடம் நல்ல பெயர் எடுக்க இதைவிட லேசான வழி கிடையாது.

வீடு

நெட்டும் கரண்ட்டும் காசால் தீரும் விஷயம். இது அப்படி இல்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வீட்டில் இருப்பவர்களுக்கு வேலையாகத் தெரியாது. ஒன்றரை வருடமாக இதே ஆள் இதே இடத்தில் உட்கார்ந்து படம் பார்த்ததையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். 'சும்மாதானே இருக்க, மாவு அரைச்சுட்டு வந்துரு' என்று அம்மா சொன்னால் அதில் குத்தல் எதுவும் இல்லை. கோபப்பட்டுப் பலன் கிடையாது. அவர்களுக்குத் தெரியும்படி செய்யவேண்டும், அவ்வளவுதான்.

என் அனுபவத்தில் பலித்த வழி தினசரி காலண்டர். எல்லா வீட்டுச் சுவரிலும் தொங்கும், காலையில் யாராவது தாள் கிழிப்பார்கள், ராகுகாலம் பார்ப்பார்கள். முந்தின இரவே நாளைய தாளில் ராகுகாலத்துக்குக் கீழே மீட்டிங் நேரத்தைப் பேனாவால் எழுதிவிடுங்கள்: '11 – 11.30 பேசக்கூடாது. 4 – 5 பேசக்கூடாது.' பத்தரைக்குப் பன்னிரண்டு ராகுகாலம் என்றால் வெளியே கிளம்பாத ஆச்சி, பதினொன்றுக்குப் பதினொன்றரை மீட்டிங் என்றால் மிக்ஸி போடமாட்டார். நாள் முழுக்க 'எனக்கு வேலை இருக்கு' என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நேரம் குறித்துச் சொன்னால் நம்புகிறார்கள், மதிக்கவும் செய்கிறார்கள்.

கதவுள்ள அறை கிடைத்தால் தாழ்ப்பாளில் ஒரு சிவப்புத் துண்டு தொங்கவிடுங்கள். துண்டு இருந்தால் வீடியோ கால் ஓடுகிறது, உள்ளே வரக்கூடாது. ஒரே ஒரு நிபந்தனை: கால் முடிந்ததும் துண்டை எடுத்துவிட வேண்டும். நாள் முழுக்கத் தொங்கினால் மூன்றாம் நாள் அது வெறும் துண்டு.

பதிலுக்கு வீட்டு வேலையில் ஒன்றிரண்டை முழுசாக உங்கள் தலையில் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்து நிரப்புவது, பால் வாங்குவது, சனிக்கிழமை ரேஷன் கடை. 'அப்பப்போ ஏதாவது உதவி' என்று பொதுவாக ஒத்துக்கொண்டால் அப்பப்போ கூப்பிடுவார்கள். அதுதான் வேலையைக் கெடுக்கும். இன்ன வேலை, இன்ன நேரம் என்று இருந்தால் மிச்ச நேரத்தில் யாரும் தேட மாட்டார்கள். பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். தம்பி லேப்டாப்பில் உட்கார்ந்தால் ஆபீஸ், அக்கா உட்கார்ந்தால் ஓய்வு என்று எடுத்துக்கொள்ளும் வீடுகள் நிறைய. முதல் வாரமே பேசாவிட்டால் மதியச் சமையல் உங்கள் மேல் வந்து உட்கார்ந்துவிடும், பிறகு இறக்குவது கஷ்டம். அப்பாவை முன்னால் வைத்துக்கொண்டு பேசுங்கள். முதல் மாதச் சம்பளம் வந்த பிறகு இன்னொரு தடவை பேசினால் பேச்சுக்குத் தெம்பும் கூடும்.

உட்காரும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கட்டில் வேண்டாம். ஜன்னல் முகத்துக்கு நேரே இருக்கட்டும். பின்னால் இருந்தால் கேமராவில் நிழல்தான் தெரியும். தையல் மெஷினை மடக்கினால் வரும் பலகை லேப்டாப்புக்குச் சரியான உயரம். மெஷினுக்கு வேலை இருக்கிற வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்.

முதல் மாத வேலை

ஆபீஸில் சேர்ந்திருந்தால் பக்கத்து சீட்டுக்காரரை எட்டிப் பார்த்தே பாதி கற்றுக்கொண்டிருப்பீர்கள். இங்கே கேட்டால்தான் உண்டு. கேட்கும் விதம் ஒன்று இருக்கிறது. 'ஹாய் சார்' என்று மட்டும் அனுப்பிவிட்டு அவர் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். அவர் மீட்டிங்கில் இருப்பார், ஒரு மணி நேரம் கழித்து 'ஹாய்' என்பார், அப்போது நீங்கள் சாப்பிடப் போயிருப்பீர்கள். முதல் செய்தியிலேயே எல்லாம் இருக்கட்டும்: இந்த வேலையைச் செய்கிறேன், இந்த இடத்தில் இந்த எர்ரர் வருகிறது, ஸ்கிரீன்ஷாட் இதோ, இன்னின்னது செய்து பார்த்தேன், அடுத்து என்ன பார்க்கட்டும்? அரை மணி நேரம் முட்டிப் பார்த்தும் நகரவில்லை என்றால் கேட்டுவிடலாம். புதுசாகச் சேர்ந்தவர் கேட்டால் யாரும் கோபிப்பதில்லை. ரெண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் 'முடியல' என்றால்தான் கோபம் வரும்.

சார் போடலாமா, பெயர் சொல்லலாமா என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். டீமில் மற்றவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்துவிட்டு அப்படியே மாறிக்கொள்ளுங்கள். குரூப் சாட்டில் அண்ணா, அக்கா வேண்டாம். போனில் பழகின பிறகு அது தானாக வரும்.

தினமும் காலையில் நடக்கும் சின்ன மீட்டிங்கில் ஆங்கிலத்தில் பேசப் பயமாக இருந்தால் மூன்று வரி எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள்: நேற்று என்ன முடித்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எங்கே நிற்கிறேன். இங்கே கண்ணுக்கு எதிரே தாள் வைத்துப் படிக்கலாம், யாருக்கும் தெரியாது. பேசி முடித்ததும் மைக்கை மூடுங்கள். குக்கர் விசில் எல்லா டீமிலும் கேட்டிருக்கிறது, அதற்குக் கூசவேண்டியதில்லை. வீட்டுச் சண்டை கேட்டால்தான் சங்கடம்.

வெளிநாட்டு டீமோடு வேலை என்றால் நேரத்தை மனப்பாடமாக நம்பாதீர்கள். நியூயார்க் அவர்களுடைய கோடையில் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் அது பத்தரை ஆகிவிடும். லண்டன் கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை.

காய்ச்சல் வந்தால்

உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ காய்ச்சல் என்றால் அன்றைக்கே மேனேஜருக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு லேப்டாப்பை மூடுங்கள். வீட்டில்தானே இருக்கிறோம், படுத்துக்கொண்டே பார்த்துவிடலாம் என்று இழுக்கிறவர்கள்தான் நாலாம் நாள் மூச்சு வாங்கி நிற்கிறார்கள். கபசுரக் குடிநீர் குடிப்பது உங்கள் விருப்பம். குடித்தாயிற்றே என்று கொரோனா டெஸ்ட் எடுக்காமல் இருக்கக்கூடாது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு காட்டும் ஆக்சிமீட்டர் வைக்கும் விரலில் மருதாணியும் நகப்பூச்சும் இல்லாமல், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, எண் ஒரே இடத்தில் நிற்கும்வரை பொறுத்துப் பாருங்கள். 94-க்குக் கீழே வந்தால் வீட்டில் வைத்துப் பார்ப்பது முடிந்தது. 108-க்குப் போன் செய்யுங்கள். சந்தேகம் கேட்க 104. 2021 விதிப்படி, லேசான கொரோனா தொற்று என்றால் அறிகுறி தொடங்கிப் பத்து நாள் ஆகியிருக்கவேண்டும், கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும். அதுவரை தனி அறை.

கொரோனா தடுப்பூசி வந்திருக்கிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து செய்தி வந்தால் காலையிலேயே போய் டோக்கன் வாங்குங்கள், வேலைக்கு லேட்டானால் ஆகட்டும். நாளைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் வெள்ளிக்கிழமை நல்லது. மறுநாள் உடம்பு வலியும் காய்ச்சலும் வந்தால் சனி, ஞாயிறில் போய்விடும். 2021 ஜூலை நிலவரப்படி கோவிஷீல்டுக்கு அடுத்த டோஸ் 84 நாள் கழித்து, கோவாக்சினுக்கு 28 நாள்.

ஒன்றை முதல் வாரத்திலேயே செய்யுங்கள். கம்பெனி தரும் மருத்துவக் காப்பீட்டில் அம்மா, அப்பா பெயரைச் சேர்க்க முடியுமா, கடைசித் தேதி என்ன என்று எச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள். பல கம்பெனிகளில் சேர்ந்த புதிதில்தான் அதற்கு விடுவார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான். பெற்றோருக்கான பிரீமியத்தை உங்கள் சம்பளத்தில் பிடித்தாலும் சேர்த்துவிடுங்கள்.

ஆபீஸுக்குக் கூப்பிட்டால்

'அடுத்த மாதம் எல்லோரையும் கூப்பிடப் போகிறார்களாம்' என்று டீம் வாட்ஸ்அப் குரூப்பில் மாதம் ஒருமுறை ஓடும். அதை நம்பிச் சென்னையில் அறை பிடிக்காதீர்கள். போன வருடம் காலியாகவே கிடந்த வீட்டுக்கு வாடகை கட்டினவர்கள் நிறையப் பேர். வீட்டுக்காரர்கள் பலர் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் ஊர் அது. கொடுத்ததைத் திரும்ப வாங்குவது தனி வேலை. எந்தத் தேதி, எந்தக் கிளை, வாரத்துக்கு எத்தனை நாள் என்று எச்.ஆர் மெயிலில் எழுத்தில் வரட்டும். வந்த பிறகும் முதல் மாதம் ஹாஸ்டலிலோ நண்பர்கள் அறையிலோ தங்கிப் பாருங்கள். ஊரில் போட்ட நெட் இணைப்பை அதுவரை துண்டிக்க வேண்டாம்.